சீரியல் மாமியார் பதில்கள்: முகம் நான், குரல் அவர்

(25 வருடமாகச் சின்னத்திரையில் அண்ணி, அம்மா, மாமியார் என்று வரிசையாகப் பதவி உயர்வு வாங்கியவர் இந்த வாரம் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். பெயர் மட்டும் வேண்டாமே என்றார். தொடர் பார்க்கிறவர்கள் இரண்டாவது பதிலிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள், பரவாயில்லை.)

திண்டுக்கல் வாசகி: பெயரைப் போடாமல் பதில் சொல்கிறீர்களே, அவ்வளவு பயமா?

ஆமாம். திங்கட்கிழமை செட்டுக்குப் போக வேண்டும். அன்றைக்குப் ப்ரொடக்‌ஷனில் கொடுக்கிற காபியில் சர்க்கரை கொஞ்சம் குறைந்தாலும், எழுதினதைப் படித்துவிட்டார்களோ என்று தோன்றும். எனக்கு எதற்கு அந்த வம்பு.

நாகர்கோவில் வாசகர்: நடிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசையா? எப்படி உள்ளே வந்தீர்கள்?

ஆசையெல்லாம் இல்லை. கல்யாணமாகி விருகம்பாக்கத்துக்கு வந்தோம், பக்கத்து வீட்டை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுவார்கள். அந்தப் பக்கம் வளசரவாக்கம், சாலிகிராமம் எல்லாம் அப்போது அப்படித்தான், வீட்டுக்காரர் மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருப்பார், கீழே ஹாலில் யாரோ யாரையோ வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருப்பார்கள். 1999ல் ஒரு நாள், நிச்சயதார்த்தக் காட்சி, தாம்பூலத் தட்டு தூக்க ஒரு பெண் குறைகிறது என்று அந்த வீட்டு மாமி என்னைக் கூப்பிட்டார். நான் கட்டியிருந்த புடவையோடு போய் நின்றேன். சாயங்காலம் கையில் 150 ரூபாயும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தார்கள். பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நானும் என் கணவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம், அந்தக் கத்தரிக்காய்க் குழம்பு மாதிரி இன்னும் கிடைக்கவில்லை.

அது நல்ல நேரம், எனக்குத் தெரியாமலே நல்ல நேரம். அதற்கு முன்னால் தூர்தர்ஷனில் வாரம் ஒரு தடவை, 13 வாரத்தில் கதை முடிந்துவிடும். பாலசந்தர் சார் தொடர்கள், அப்புறம் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ மாதிரி சில வந்தபோது வாரத்துக்கு ஒரு நாள்தான், தெருவே உட்கார்ந்து பார்க்கும். 1999 டிசம்பரில் சன் டிவியில் ராதிகா மேடத்தின் ‘சித்தி’ ஆரம்பித்ததும் எல்லாம் மாறிப்போனது. தினமும் ஒரு பகுதி என்றால் தினமும் ஆள் வேண்டும் இல்லையா? கதாநாயகிக்கு ஒரு அம்மா, ஒரு அண்ணி, அண்ணிக்கு ஒரு அம்மா, பக்கத்து வீட்டு அக்கா. தட்டு தூக்கினவள் எல்லாம் அண்ணியானோம். இதில் என் திறமை எவ்வளவு என்று கேட்டால், கூப்பிட்ட நேரத்துக்கு வருவேன், அது ஒன்று.

கோவை வாசகி: உங்கள் நடிப்பைவிட உங்கள் குரல்தான் எனக்குப் பிடிக்கும். அவ்வளவு இனிமை! பாடுவீர்களா?

அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள், அது என் குரலே இல்லை.

என் குரல் கட்டைக் குரல். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டின மாதிரி என்று எங்கள் ஆச்சி சொல்வாள். கூடவே திருநெல்வேலிப் பேச்சு வேறு. முதன்முதலாக வசனம் கொடுத்தபோது இயக்குநர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, "முகம் சரியா இருக்கு, குரலுக்கு வேற ஆள் போட்டுக்கலாம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த உதவி இயக்குநரிடம் சொன்னார், எனக்கும் கேட்டது, அவ்வளவுதான். அதிலிருந்து இருபது வருடத்துக்குமேல் எனக்காகப் பேசியது ஒரே ஒருத்தர். சேனல் மாறும், தொடர் மாறும், ஒவ்வொரு தடவையும் நானே, "அந்தம்மாவையே போடுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொள்வேன்.

மூன்று வருடம் கழித்துத்தான் அவரை நேரில் பார்த்தேன். சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டர், வெளியே செருப்பு வைக்கிற இடத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஒல்லி, என்னைவிடக் குள்ளம். நான் யார் என்று சொல்வதற்குள், "வாங்க, போன வாரம் உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரி சீன்ல வாக்கியத்துக்கு நடுவுல மூச்சு வாங்கியிருக்கீங்களே" என்றார். எனக்குக் கை காலெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வாரம் எனக்கு 102 டிகிரி காய்ச்சல். வீட்டில் என் கணவருக்கே தெரியாது, மாத்திரை போட்டுக்கொண்டு போய் நடித்துவிட்டு வந்தேன். நான் எங்கே மூச்சு விடுவேன், எங்கே உதட்டைக் கடிப்பேன் என்பது இந்த உலகத்தில் அந்த ஒருத்தருக்குத்தான் அத்துப்படி.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி கடைசிவரை இதை ஒத்துக்கொள்ளவில்லை. "ஏட்டி, மொகம் ஒன் மொகந்தான், ஆனா வேற எவளோல்லா பேசுதா!" என்பாள். என் தொடர் வந்தால் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பாள். கதை என்ன என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுக்கொள்வாளாம்.

சிவகாசி வாசகி: நிஜத்திலும் மருமகளை இப்படித்தான் படுத்துவீர்களா?

எனக்கு ஒரே மகள். வந்தால் மருமகன்தான் வருவார். பாவம், அவர் இன்னும் என் தொடரைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

விருத்தாசலம் வாசகர்: ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பார்கள்? அந்த அழுகையெல்லாம் நிஜமா? ஒரே புடவையில் ஒரு வாரம் வருகிறீர்களே, மாற்றவே மாட்டீர்களா?

காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் இரவு 9 வரை. நாளைக்கு ஒரு பகுதி, அதாவது விளம்பரம் போக இருபது இருபத்திரண்டு நிமிடத்துக்கான காட்சிகள் எடுத்தாக வேண்டும், கையிருப்பு குறைந்துவிட்டால் இரண்டு யூனிட் வைத்து மேலும் கீழும் எடுப்பார்கள். நான் மாடியில் மருமகளைத் திட்டிவிட்டு, கீழே இறங்கி வந்து அதே மருமகளின் அம்மாவிடம் நல்லவள் மாதிரி பேசுவேன். வசனம் முதல் நாளே கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் காலையில் மேக்கப் போடும்போது வாட்ஸ்அப்பில் வரும், மதியத்துக்குமேல் அதையும் மாற்றுவார்கள். அதனால்தான் ப்ராம்ப்ட்டிங். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார், நாம் வாங்கிச் சொல்ல வேண்டும். எப்படியும் பிறகு டப்பிங்தான் என்பதால் அவர் குரல் உள்ளே விழுந்தாலும் பாதகமில்லை. கேட்க எளிதாக இருக்கும், காதை அவரிடம் வைத்து, கண்ணை எதிரே நிற்பவரிடம் வைத்து, முகத்தில் கோபம் காட்டிப் பாருங்கள்.

அழுகைக்குப் பாதி நாள் கிளிசரின், பாதி நாள் தேவையே இருக்காது, வீட்டு ஞாபகம் போதும்.

புடவைக் கதையைக் கேட்டீர்களே, சொல்கிறேன். திரையில் கல்யாண ட்ராக் என்றால் ஒரு முகூர்த்தத்தையே இரண்டு வாரம் ஓட்டுவார்கள். தாலி கட்டக் கையை உயர்த்துவார், "நிறுத்துங்க!" என்று ஒரு குரல், அதற்கு ஹாலில் இருக்கிற இருபது பேருக்கும் ஆளுக்கொரு ரியாக்‌ஷன். ஒரு தடவை 11 நாள், மே மாசம், ஒரே அரக்குப் பட்டு. துவைக்கவும் முடியாது, மடிப்பு மாறிவிட்டால் கன்டினியூட்டி போச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்து ஃபேனுக்குக் கீழே கொடியில் விரித்துப்போட்டு, வியர்வை காய்ந்த உப்புக் கோடுகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காலையில் அதே மடிப்புக்குள் நுழைந்துகொள்வேன். தலையில் வைத்த மல்லிகை மட்டும் தினமும் புதுசு. அந்த வாசனையும் அந்தப் புடவை வாசனையும் சேர்ந்து ஒன்று வரும் பாருங்கள், இன்றைக்கும் யார் கல்யாணத்துக்காவது போனால் எனக்குப் பசியே எடுக்காது.

சேலம் வாசகி: நானும் வேலைக்குப் போகிற அம்மா. உங்கள் மகளை எப்படி வளர்த்தீர்கள்?

நான் வளர்க்கவில்லை, என் அம்மா வளர்த்தாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஆனால் கொஞ்சம் நேரம் எடுக்கிறது.

அவளுக்கு ஆறு வயதிருக்கும். அந்தத் தொடரில் எனக்கு ஒரு மகள் உண்டு, நடித்தது ஏழெட்டு வயதுக் குழந்தை, தினமும் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி காட்சி வரும். நான் நிஜத்தில் வீட்டிலிருந்து கிளம்பும்போது என் குழந்தை தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் தூங்கியிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துப் பின்னப் போனேன். தலையை இழுத்துக்கொண்டு, "அந்த அக்காவுக்கு மட்டும் ரிப்பன் வெச்சுப் பின்ற, எனக்குப் பாட்டியே போதும்" என்றாள். நான் அன்றைக்கு அழவில்லை. அடுத்த நாள் செட்டில் அந்தக் குழந்தைக்குப் பின்னும்போது அழுதேன், மகிழ்ச்சியான காட்சி அது, இயக்குநர் கட் சொல்லிவிட்டு, "மேடம், இன்னிக்கு அழுகை இல்லையே" என்றார்.

அப்புறம் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மாசத்துக்கு இரண்டு நாள் கால்ஷீட் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன், மூன்றாவது மாதமே பாத்திரம் சுருங்கிவிட்டது, சரி என்று விட்டுவிட்டேன். வீட்டுக் கடன் இருந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு அவர்தான் போவார். இப்போது மகளுக்கு 26 வயது, பெங்களூரில் வேலை, ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் செய்து, "இப்பதான் ஆபீஸ் முடிஞ்சுது, சாப்பிடலை" என்கிறாள். எனக்குக் கண்டிக்க வாய் வரவில்லை.

தாம்பரம் வாசகர்: உங்கள் கணவர் உங்கள் தொடரைப் பார்ப்பாரா?

அந்த நேரத்தில் செய்திச் சேனலில் நாலு பேர் சண்டை போடுவதைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன், அங்கே யாரும் அழுவதில்லை என்கிறார்.

தஞ்சாவூர் வாசகர்: திடீரென்று "இனி இவருக்குப் பதில் இவர்" என்று போட்டுவிடுகிறார்களே, அது வலிக்காதா? சம்பளமாவது ஒழுங்காக வருமா?

சம்பளம் நாள் கணக்கு. நடித்த நாளுக்குக் காசு, அந்தக் காசும் இரண்டு மாதம் கழித்து வரும். ஒரு கம்பெனி எனக்கு 34 நாள் பாக்கி வைத்துவிட்டு ஆபீஸையே காலி செய்துகொண்டு போய்விட்டது, அது எந்தக் கம்பெனி என்றெல்லாம் கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது நாள் கணக்கு என்றால் என்ன என்று எல்லோருக்கும் புரிந்தது. சேனல்கள் பழைய தொடர்களை எடுத்துப் போட்டன, ‘மெட்டி ஒலி’ மறுபடி ஓடியது, ஊரே ஆசையாகப் பார்த்தது. நாங்கள் வீட்டில் உட்கார்ந்து அரிசி டப்பாவைப் பார்த்தோம். பிறகு 20 பேர் வைத்து எடுக்கலாம் என்று அரசு அனுமதி கொடுத்தது, 20 பேரில் ஒரு சீரியல் குடும்பமே அடங்காதே! அப்புறம் 60 என்றார்கள். ஃபேஸ் ஷீல்டு போட்டுக்கொண்டு மேக்கப் போட வந்தவரை ஒரு நிமிடம் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். என்னையும் ஒரு தடவை மாற்றினார்கள். வியாழக்கிழமை டிஆர்பி, அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற கணக்கு வரும், அன்றைக்கு செட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள், அப்படி ஒரு வியாழன் கழித்துத் திங்கட்கிழமை எனக்குக் கால்ஷீட் வரவில்லை. வாரக் கடைசியில் டிவியில்தான் பார்த்தேன், என் புடவை மாதிரியே ஒரு புடவையில் வேறொரு அம்மா. வேடிக்கை என்ன என்றால் குரல் மாறவில்லை. என் டப்பிங் அம்மாவே அவருக்கும் பேசினார். இரண்டு நாளில் மக்கள் பழகிவிட்டார்கள்.

2023 செப்டம்பரில் ‘எதிர்நீச்சல்’ தொடரில் நடித்த மாரிமுத்து சார் இறந்துபோனபோது இது நேர்மாறாக நடந்தது. டப்பிங் பேசப் போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய், அன்றைக்கே இல்லை என்றார்கள். அவர் தன் குரலிலேயே பேசுகிறவர். அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி சார் வந்தார், பெரிய எழுத்தாளர், நல்ல நடிகர், ஆனால் எங்கள் பால்காரர்கூட, "அந்தக் கொரல் இல்லையேம்மா" என்றுதான் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் போனால் குரல் இங்கேயே இருக்கும், வேறு முகத்தை ஒட்டிக்கொள்வார்கள்.

காரைக்குடி வாசகர்: எங்கள் ஊரில்தான் ‘நாதஸ்வரம்’ 1000வது பகுதியை ஒரே ஷாட்டில் எடுத்தார்கள். உங்களால் முடியுமா?

2014 மார்ச். திருமுருகன் சார் இருபது நிமிடத்துக்குமேல் வெட்டே இல்லாமல் நேரலையாக எடுத்தார், கின்னஸில்கூட வந்தது. அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்கை வேர்த்தது. நானாக இருந்தால் மூன்றாவது நிமிடத்தில் ப்ராம்ப்ட்டரைத் தேடியிருப்பேன். என்னால் முடியாது என்று அப்போது நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். இப்போது, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

புதுச்சேரி வாசகி: மேடை நாடகத்தில் நடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். இந்த வயதில் எதற்கு?

"இந்த வயதில்" என்றால் 52. எழுதிக் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

இப்போது சில தொடர்களிலும் வெப் சீரிஸிலும் படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்கிறார்கள். போன வருடம் ஒன்றுக்குப் போனேன், ஒரு வரி பேசச் சொன்னார்கள், பேசினேன். அந்தப் பையன், என் மகள் வயதுதான் இருக்கும், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "மேடம், தொண்டை சரியில்லையா?" என்றான். 25 வருட அனுபவம், என் குரலைக் கேட்ட முதல் ஆள் அவன். வாய்ப்பு போனது இருக்கட்டும். வீட்டுக்கு வந்து ஃபோனில் என் குரலைப் பதிவு செய்து கேட்டேன், எனக்கே யாரோ மாதிரி இருந்தது.

அப்புறம் தெரிந்த ஒருவர் மூலமாக மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன். மொட்டை மாடியில் ஒத்திகை, சாயங்காலம் ஆறரைக்கு, ஆபீஸ் முடித்துவிட்டு டிபன் டப்பாவோடு வருகிறவர்கள்தான் எல்லோரும். முதல் நாள் என் வரியைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றேன், அடுத்த வரியை யாராவது கொடுப்பார்கள் என்று. யாரும் கொடுக்கவில்லை. எதிரே நின்ற ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். இன்னொரு நாள் அவர் எனக்கு அதிர்ச்சியான சேதி ஒன்று சொல்கிற இடம், நான் பழக்கத்தில் முகத்தைச் சபைப் பக்கம் திருப்பி, கண்ணை அகலமாக்கி, அப்படியே மூன்று எண்ணுகிற வரை நிறுத்தினேன். இயக்குநர் கீழே இருந்து, "யாருக்கும்மா ரியாக்‌ஷன் குடுக்கறீங்க? இங்க கேமரா இல்லை" என்றார். ஜூம் வரும் என்று காத்திருந்திருக்கிறேன்! எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

பாத்திரம் திருநெல்வேலிக்காரப் பாட்டி. குரல் கட்டையாக இருப்பது பிரச்சினையே இல்லை, கடைசி வரிசைக்குக் கேட்டால் போதும் என்றார்கள். கேட்கிறது.

ஈரோடு வாசகர்: இனி எல்லாம் செல்ஃபோனில்தான். சீரியல் காலம் முடிந்துவிட்டதா?

‘கோலங்கள்’ 2003லிருந்து 2009 வரை, 1500 பகுதிக்குமேல் ஓடியபோதே, இதோடு முடிந்தது என்றார்கள். இப்போது அதே பகுதிகளைப் பேருந்தில் செல்ஃபோனில் பார்த்துக்கொண்டு போகிறார்கள். போன வாரம் எனக்குப் பக்கத்து சீட்டுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார், செல்ஃபோனில். நிமிர்ந்து பார்க்கவில்லை.

தூத்துக்குடி வாசகி: நாடகம் அரங்கேறிவிட்டதா? உங்கள் டப்பிங் அம்மா வந்தாரா?

போன மாதம் ஒரு சபாவில் முதல் காட்சி. நூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள், பாதிப் பேர் குழுவின் சொந்தக்காரர்கள். மகள் பெங்களூரிலிருந்து வந்து முதல் வரிசையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டப்பிங் அம்மாவுக்கு நானே ஃபோன் செய்து சொல்லியிருந்தேன். இப்போது அவருக்கும் வேலை குறைவு, முழங்கால் வலி வேறு. ஓலா பிடித்து வந்து, இடைவேளைக்கு அப்புறம்தான் கண்ணில் பட்டார், ஓரமாக, தூணுக்குப் பக்கத்தில்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். மகள் அதற்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, நீங்க எங்கம்மா மாதிரியே பேசறீங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டு என்னிடம் திரும்பி, "கிணத்தடி சீன்ல அந்த நீளமான வசனம் இருக்கே, பாதியில மூச்சு எடுத்துட்டீங்க. 'வந்தவன்'ங்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க" என்றார்.

அடுத்த காட்சி வருகிற 14ஆம் தேதி. பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.